பூஞ்சை படர்ந்தால்தான் ருசி... இங்கிலாந்தின் ஸ்டில்டன் சீஸ்!

பூஞ்சை பிடித்த பண்டம் என்றால் நம் வீடுகளில் நேராகக் குப்பைக்கூடைதான். இங்கிலாந்திலோ, அதை வேண்டுமென்றே வளர்த்து, கிறிஸ்துமஸ் விருந்தில் பெருமையாகப் பரிமாறுகிறார்கள். அதுதான் ஸ்டில்டன்! அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு, முதல் வாயிலேயே முகம் சுளித்து ஒதுக்குபவர்களும் உண்டு. அதன் கதை தெரிந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

பசும்பாலில் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையைச் சேர்த்து, பாலைத் திரியவைத்து, கட்டியை உப்பிட்டு உருளை அச்சுகளில் நிரப்புகிறார்கள். ஒரு முழு உருளை சுமார் 8 கிலோ. அதற்கு 70 லிட்டருக்கும் மேல் பால் தேவை. சுமார் ஆறு வாரங்கள் கழித்து ஸ்டீல் ஊசிகளால் அதைத் துளைப்பார்கள். துளை வழியே காற்று புகுந்ததும் பூஞ்சை வளர்ந்து, நீல நரம்புகளாகப் படரும். பாலின் கொழுப்பை அது சிதைக்கும்போது பிறப்பதுதான் அந்த நெடி.

எப்படி ருசிப்பது?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சாப்பிடாதீர்கள். அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். குளிர்ச்சி விலகினால்தான் மணமும் மென்மையும் தெரியும். முதலில் நீலம் குறைந்த பகுதியில் சிறு துண்டு. வெண்ணெய் போலக் கரையும். அடுத்து நீல நரம்புள்ள துண்டு. உப்பும் சுள்ளென்ற கார்ப்பும் நாக்கில் ஏறும். அதிகம் என்று தோன்றினால், பேரிக்காய், வால்நட் அல்லது துளி தேனுடன் சாப்பிடுங்கள். இனிப்பு அந்த வேகத்தைத் தணிக்கும்.

பெயரில் ஒரு வேடிக்கை!

18-ம் நூற்றாண்டில், லண்டனிலிருந்து வடக்கே செல்லும் குதிரை வண்டிகள் ஸ்டில்டன் கிராமத்தில் நின்று செல்லும். அங்கிருந்த ‘பெல்’ விடுதியில் பயணிகளுக்கு விற்கப்பட்டதால் சீஸுக்கு ஊரின் பெயரே நிலைத்தது. ஆனால், 1996-ல் கிடைத்த சட்டப் பாதுகாப்பின்படி டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே ஸ்டில்டனைத் தயாரிக்கலாம். கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கும் ஸ்டில்டன் கிராமம், ‘ஸ்டில்டன்’ செய்ய முடியாது!

பாஸ்ச்சரைஸ் செய்த பாலில்தான் செய்ய வேண்டும் என்பதும் விதி. அதனால், பழைய முறைப்படி பச்சைப் பாலில் செய்பவர்கள், 2006 முதல் ‘ஸ்டிச்சல்டன்’ என்ற வேறு பெயரில் விற்கிறார்கள்.

கடைசியாக இரண்டு விஷயங்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் விலங்கிலிருந்தும் எடுக்கப்படலாம். சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, சீஸில் இருப்பது தேர்ந்தெடுத்து வளர்த்த பூஞ்சை. வீட்டு பிரெட்டில் தானாகப் பூப்பது அதுவல்ல. அதற்கு எப்போதும்போல குப்பைக்கூடைதான்!