பெருந்தொற்றும் பதின்ம வயதினரும்: உணர்தலும் எதிர்கொள்ளலும்

கோவிட்-19 பெருந்தொற்றின் பரவலைத் தடுக்கும் பொருட்டு மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் பதின்ம வயதினர்மீது இருவகைக் குறைகூறல்கள் எழுந்தன. நோயின் கடுமையை அவர்கள் உணரவில்லை என்பது ஒன்று. இணைய வகுப்பில் முகம் காட்டாது கைப்பேசியில் மூழ்கிக் கிடந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உளவியல் நோக்கில் அணுக முற்படுகிறது இக்கட்டுரை.

முதற் குறைகூறலுக்குச் சான்றாகக் காட்டத்தக்கது டேவிட் எல்கைன்ட் 1967இல் முன்வைத்த கருத்தாகும். பதின்ம வயதினர் தம்மைத் தீங்கு அண்டாதவராகக் கருதிக்கொள்வர் என்பார் அவர். ஆயினும், இந்நோயால் இறக்கும் வாய்ப்பு முதியோரைவிட இளையோருக்கு மிகக் குறைவு என்பது மருத்துவம் கண்ட உண்மை. எனவே, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ எனும் பதினாறு வயது மாணவனின் கூற்றை வெறும் அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. தன்வழியே பாட்டிக்குத் தொற்றக்கூடும் என்பதையே அவன் எண்ணத் தவறலாம்.

ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில், நெருக்கடியை மனிதன் இரு நிலைகளில் மதிப்பிடுவதாக விளக்கினர். இதனால் எனக்கு நேரும் இழப்பு யாது? அதற்கு என்னால் செய்யக்கூடியது யாது? பதினேழு வயதினரின் இழப்பு நோயைவிடத் தேர்விலேயே இருந்தது. 2020ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 22ஆம் நாள்தான் தொடங்கியது. நாள் குறிப்பதோ பள்ளியைத் திறப்பதோ மாணவர் கையில் இல்லை. மாற்ற இயலாத சூழலில் மனிதர் சிக்கலைத் தீர்ப்பதை விட்டு, உணர்வைத் தணிக்கும் வழிகளையே மிகுதியும் நாடுவர் என்கிறது அவர்கள் கோட்பாடு. இரவு நெடுநேரம் நீண்ட கைப்பேசி விளையாட்டையும் நண்பருடனான அரட்டையையும் இவ்வகையில் வைத்தே காணவேண்டும். அவை எல்லை மீறியதும் உண்டு. எனினும் சோம்பல் என்ற ஒரு சொல்லில் அவற்றை அடக்கிவிடுவது ஆசிரியருக்கு எளிது, மாணவருக்குப் பயனற்றது. (இதனைச் ‘சமாளித்தல்’ என்று மொழிபெயர்ப்போரும் உளர். பேச்சுவழக்கில் அச்சொல் மழுப்புதலையும் குறிப்பதால் ‘எதிர்கொள்ளல்’ என்பதே இங்குக் கொள்ளப்படுகிறது.)

முகம் காட்டாமைக்கு எல்கைன்டின் மற்றொரு கருத்து விளக்கம் தருகிறது. பிறர் எந்நேரமும் தம்மையே உற்று நோக்குவதாக இவ்வயதினர் கற்பனை செய்துகொள்வர். இணைய வகுப்பு அக்கற்பனையை மெய்யாக்கிவிட்டது. அடுக்குமாடி வீட்டின் ஒற்றை அறை, பின்னால் அழும் தம்பி, வேலையிழந்து வீட்டிலிருக்கும் தந்தை என அனைத்தும் முப்பது பேர் பார்வைக்கு வந்துவிடும். 2020இல் ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரிடம் கல்வி அமைச்சு மேற்கொண்ட ஆய்வில் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வித மின்கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. தாயின் கைப்பேசியை உடன்பிறந்தாருடன் பகிர்ந்துகொண்ட மாணவி படக்கருவியை அணைத்து வைத்தது அக்கறையின்மையால்தான் என எவ்வாறு முடிவு செய்வது?

மேற்கூறிய கோட்பாடுகள் தனிமனிதரை மையமாகக் கொண்டவை. நம் சமூகத்தில் துயரம் கூடியே ஆற்றப்படுவது. 2021 தைப்பூசம் காவடி ஊர்வலமின்றிக் கழிந்தது. அதனை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். தாத்தாவின் இறுதிச் சடங்கிற்குச் செல்ல இயலாத பேரனுக்கு அவ்வாறு ஈடுசெய்ய வழியில்லை. பள்ளிகள் மீண்டும் திறந்தபோது விடுபட்ட பாடங்களைக் கணக்கிட்டோம். வீட்டில் யாரை இழந்தாய் என்று எத்தனை வகுப்புகளில் கேட்கப்பட்டது?