வணக்கம் இறைவனுக்கே, வாஞ்சை தாயகத்திற்கு



சுதந்திர தினத்தை அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கடம்பத்தூரில் வாழும் அன்பர் ஒருவர் என்னை அணுகி ஸலாம் உரைத்தார். அவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். அவருடைய முகத்தில் கவலை படிந்திருந்தது.

"ஹஜ்ரத், என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றியபோது மற்றப் பிள்ளைகளைப் போல அவனும் நெற்றியில் கைவைத்து நின்றான். 'துணிக்கு வணக்கம் செய்தது ஷிர்க், கலிமாவைப் புதுப்பித்துக்கொள்' என்று தெருவிலுள்ள மூத்த பையன்கள் சொல்லிவிட்டார்கள். அதே விழாவில் வந்தே மாதரம் பாடியபோது இவன் வாய் திறக்காமல் நின்றானாம். 'இந்த நாட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு பாட மாட்டாயோ' என்று உடன் படிப்பவர்கள் ஏசினார்களாம். இரண்டு நாளாகப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டார்.

ஒரே நாளில் ஒரு பாலகனிடம், 'உன் ஈமான் போய்விட்டது' என்று ஒரு சாராரும், 'உன் நாடு உனக்கில்லை' என்று மறு சாராரும் சொல்லிவிட்டார்கள். இவ்விரண்டும் உண்மைதானா என்பதை மார்க்கத்தின் ஒளியில் ஆராய்வது நம்மீது கடமையாகும்.

ஒரு சொல்லால் விளைந்த குழப்பம்

நம் தாய்மொழியில் 'வணக்கம்' என்னும் ஒரே சொல், எதிர்ப்பட்டவருக்குக் கூறும் முகமனுக்கும் வழங்குகிறது, இறைவனுக்குச் செய்யும் வழிபாட்டுக்கும் வழங்குகிறது. அரபு மொழியிலோ வழிபாட்டிற்கு 'இபாதத்' என்றும், கண்ணியப்படுத்துவதற்கு 'இக்ராம்' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இபாதத் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அதில் அணுவளவும் பங்கு வைக்க இடமில்லை. இக்ராமோ பெற்றோருக்கும், பெரியோருக்கும், விருந்தினருக்கும் நாம் அன்றாடம் செய்வதாகும். 'கொடி வணக்கம்' என்ற தொடரைக் கேட்ட மாத்திரத்தில் அதை இபாதத் என்று எண்ணிவிடுவதே குழப்பத்தின் வேராகும்.

ஹஜ்ருல் அஸ்வத் கல்லை முத்தமிட்ட ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள், நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை அறிந்தே, பெருமானார் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டதால் மட்டுமே தாமும் முத்தமிடுவதாகத் தெளிவுபடுத்தினார்கள். இது புகாரி ஷரீபில் காணப்படும் செய்தி. ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் வந்தபோது அன்ஸாரிகளை எழுந்து நிற்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், யூதர் ஒருவரின் பிரேதம் சென்றபோது தாமே எழுந்து நின்றதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவையே. எழுந்து நிற்பதெல்லாம் வழிபாடாகிவிடாது என்பதற்கு இவை போதிய சான்றுகளாம்.

நமது மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அதை ஏற்றிவைத்து நிற்பவர் எவரும் அதனிடம் வரம் கேட்பதில்லை, துன்பம் நீக்க வேண்டுவதில்லை. இத்தனை கோடி மக்களும் ஒரு குடும்பம் என்பதற்கு அடையாளமாகவே அதைக் கருதுகின்றனர். தேசிய கீதமும் அவ்வாறே. அது எந்த மன்னரையும் புகழ்ந்ததன்று, யுகங்கள்தோறும் மனிதரை வழிநடத்தும் நித்தியனையே கருதியது என்று அதை இயற்றிய தாகூரே 1937 இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

ஜஅபர் (ரலி) காட்டிய வழி

மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. அவர்களைத் திரும்பப் பிடித்துவரத் தூதர்கள் சென்றார்கள். நஜ்ஜாஷி மன்னரின் சபையில் அனைவரும் சிரம் தாழ்த்த, ஜஅபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஸலாம் மட்டும் உரைத்து நின்றார்கள். காரணம் கேட்டபோது, அல்லாஹ்வுக்கன்றி வேறெவருக்கும் தாங்கள் ஸஜ்தா செய்வதில்லை என்று பணிவோடு விடையளித்தார்கள். மன்னர் அதற்காகச் சினக்கவில்லை, அடைக்கலத்தையும் மறுக்கவில்லை.

பின்னர் அந்நாட்டில் ஒருவன் மன்னரை எதிர்த்துக் கிளர்ந்தான். அப்போது முஸ்லிம்கள் மன்னரின் வெற்றிக்காக உள்ளம் உருகி துஆச் செய்ததை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஜ்தா செய்ய மறுத்த அதே கூட்டம்தான் அந்த மண்ணின் நலனுக்காகக் கையேந்தியது! கொள்கையில் உறுதி, நாட்டுக்கு நன்றி – இவ்விரண்டும் அவர்களிடம் ஒன்றோடொன்று மோதவில்லை. தஞ்சம் தந்த நாட்டுக்கே இத்துணைக் கடப்பாடு எனில், நாம் பிறந்து, நம் முன்னோர் அடங்கியிருக்கும் இந்த மண்ணுக்கு எவ்வளவு!

நாட்டுப்பற்றை ஈமானின் பகுதியாகக் கூறும் ஓர் அரபு வாசகம் நம் மேடைகளில் ஹதீஸ் என்று சொல்லப்படுவதுண்டு. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதை ஆதாரமற்றது என்று ஒதுக்கிவிட்டனர். நமக்கு அது தேவையுமில்லை. மக்காவைப் பிரியும்போது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வூரை நோக்கி, தம் சமூகத்தார் வெளியேற்றியிராவிடில் தாம் அதைவிட்டு நீங்கியிருக்க மாட்டோம் என்று உருகியதாகத் திர்மிதியில் வரும் செய்தி ஒன்றே போதும்.

பாடாமல் நின்ற பிள்ளைகள்

இனி, பாடாமல் நின்றதைப் பற்றிக் காண்போம். வந்தே மாதரம் பாடலின் தொடக்கப் பகுதி நாட்டின் நீர்வளத்தையும் கனிவளத்தையும் போற்றுகிறது. பின்வரும் பகுதியோ தாயகத்தைத் துர்க்கையாக உருவகிக்கிறது. இதனாலேயே 1937 இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி முதல் இரு பகுதிகளை மட்டும் பாடினால் போதும் என்று தீர்மானித்தது. 1950 ஜனவரி 24 இல் ராஜேந்திர பிரசாத் அவர்கள் தேசிய கீதத்திற்கு நிகரான மதிப்பை அப்பாடலுக்கு அறிவித்தார். நம் சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜூலையில் பள்ளிகளில் அதை வாரம் ஒருமுறை பாடவேண்டும் என்று உத்தரவிட்டபோதுகூட, தக்க காரணத்தோடு பாட இயலாதவரை வற்புறுத்தலாகாது என்றே கூறியது.

இதற்கும் முன்பே கேரளத்தில் ஒரு வழக்கு எழுந்தது. யெஹோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1985 ஜூலையில் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, தத் ஆகியோர் அமர்ந்த உச்சநீதிமன்றம் 1986 ஆகஸ்டில் அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடாதிருப்பது அவமதிப்பன்று, எந்தச் சட்டமும் பாடுமாறு கட்டாயப்படுத்தவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சகிப்புத்தன்மை இந்நாட்டின் மரபு, அதை நீர்த்துப்போகச் செய்யாதீர் என்றும் நீதிபதிகள் அறிவுறுத்தினர். அன்று நஜ்ஜாஷி மன்னர் ஜஅபர் (ரலி) அவர்களிடம் காட்டிய பெருந்தன்மைக்கு ஒப்பானதன்றோ இது!

நம் கடமை

ஆகவே, மூத்த பையன்களுக்கு ஒரு சொல். ஒரு முஸ்லிமை மற்றொருவர் காஃபிர் என்று கூறினால் அச்சொல் இருவரில் ஒருவர்மீது வந்து தங்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கையுயர்த்த மனம் ஒப்பாதவர் மரியாதையோடு நிற்கட்டும், அவரைத் துரோகி என்று தூற்ற வேண்டாம். கையுயர்த்தியவரை முஷ்ரிக் என்று பழிக்கவும் வேண்டாம். இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 ஆம் நாள் சென்னைச் சிறையில், பௌஜா சிங், வர்தன், ஆனந்தன் ஆகிய தோழர்களோடு தூக்கிலேறினார். இந்த மண்மீது நமக்குள்ள உரிமைக்கு அத்தகையோரின் உயிரே சாட்சி.

நாட்டுப்பற்று ஆண்டுக்கு இருமுறை கொடியின் கீழ் முடிந்துவிடுவதுமன்று. சென்னை நகரில் மாசுபட்டு ஓடும் கூவம் ஆறு, கடம்பத்தூர் ஒன்றியத்துக் கூவம் கிராமத்தின் பெயரைத் தாங்கியது. நீர்நிலையில் கழிவைக் கொட்டாதிருப்பதும், பாதையில் இடையூறு தருவதை அகற்றுவதும், பிற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து நம்மோடு இயந்திரங்களின் முன் நிற்கும் தொழிலாளியைச் சகோதரனாக நடத்துவதும் நாட்டுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.

அந்த அன்பரிடம் நான் சொன்னது இதுதான்: "உங்கள் மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, 'கண்ணே, நீ நின்றதும் சரி, மௌனம் காத்ததும் சரி. உன் ஈமானும் போகவில்லை, உன் நாடும் உன்னைவிட்டுப் போகவில்லை' என்று கூறுங்கள். பிறகு அவனுக்கு ஜஅபர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லுங்கள். முஅத்தாப் போரில் வலக்கை வெட்டுண்டபின் இடக்கையாலும், அதுவும் வெட்டுண்டபின் நெஞ்சோடு அணைத்தும் கொடியைக் காத்தவர் அவர்தாம் என்பதையும் சொல்லுங்கள்."

தன்னையன்றிப் பிறருக்குச் சிரம் தாழ்த்தாத உறுதியையும், பிறந்த மண்ணுக்கு நன்றி மறவாத நல்லுள்ளத்தையும் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வல்ல நாயன் நல்குவானாக! ஆமீன்.