முகம் தேய்ந்த அய்யனாரை மாற்றலாமா?

மார்கழியில் குடமுழுக்கு கிடையாது. தை முகூர்த்தத்தைப் பிடிக்க நினைக்கும் ஊர்கள் கார்த்திகைக்குள் பாலாலயம் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் மணப்பாறை பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: முகம் தேய்ந்த பழைய கற்சிலையைச் சரிசெய்வதா, எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதா?

அறநிலையத் துறைத் தாளில் இரண்டுமே ‘திருப்பணி’தான். கூரை ஒழுக்கை அடைப்பதும் அதில் வரும், நூற்றாண்டுச் சிலையைப் பெயர்ப்பதும் வரும். தெளிவு அங்கே கிடைக்காது.

இதில் என்னை வியக்கவும் கவலைப்படவும் வைப்பது கலாகர்ஷணம். உளி படுவதற்கு முன் சிலையிலுள்ள தெய்வக் கலையை மந்திரத்தால் கும்ப நீரில் இறக்குகிறார்கள். அங்கிருந்து அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றுகிறார்கள். வேலை முடியும்வரை பூசை பலகைக்கு; இதுதான் பாலாலயம். குடமுழுக்கின்போது யாகசாலைக்கும் சிலைக்கும் நூல் கட்டி, நாடி சந்தானம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். சாமி மேல் உளி வைக்கிறோமே என்று சிற்பி கூசவேண்டியதில்லை, பூசையும் நிற்பதில்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஆனால் கலை இறங்கியதும் அந்தக் கல்லுக்கு நாதி இல்லை. அதிலேயே திரும்ப ஏற்றினால் சரி. புதுச்சிலை வந்துவிட்டால்? பழையதை நீர்நிலையில் விடுவது மரபு. நடப்பில் அது மதிலோரம் சாய்ந்து கிடக்கும், பிறகு மரத்தடிக்குப் போகும், ஒருநாள் அங்கும் இருக்காது. பூசையில்லாத சிலைக்காகக் காவல் நிலையப் படியேற யாருக்கும் தோன்றாது. சட்டத்தின் கணக்கோ வேறு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதான சிற்பம் கலை இருந்தாலும் இறங்கினாலும் தொல்பொருள்தான்.

விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடுபோய், சிட்னி அருங்காட்சியகம்வரை சென்று 2014இல் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்த பழைய புகைப்படம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே பாலாலயத்துக்கு முன்பே, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நான்கு புறமும் படமெடுத்துவிடுங்கள்.

வல்லுநர் குழு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் கண்காணிப்பு மெதுவாகத்தான் வருகிறது: தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் வந்தது. நடைமுறைக்கு வரவே 2024 ஆனது. முறையாகச் செய்ய முடியாததல்ல. ஸ்ரீரங்கம் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. பெரிய கோயிலுக்குக் கிடைக்கும் கண்காணிப்பு காட்டுக்கோயிலுக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, எப்போதுதான் மாற்றலாம்? விரல், ஆயுதம், அணிகலன் உடைந்தால் சீர்செய்யலாம் என்றும், தலை, கை, கால் போன்ற பெரிய உறுப்பு போனால் மாற்றலாம் என்றும் ஆகம வழக்கில் சொல்வார்கள். வெறும் தேய்மானத்தையே ‘பின்னம்’ என்று எழுதும் மதிப்பீட்டைச் சந்தேகியுங்கள். புதுச்சிலைக்குத்தான் கூலி அதிகம்.

மற்றவை சுருக்கமாக.

சுயம்புவை மாற்றலாமா? வழக்கமில்லை.

மணல் பீய்ச்சி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கலாமா? கூடாது, கல்லின் மேல்தோலும் கல்வெட்டும் சேர்ந்து போகும்.

சிமெண்டால் மூக்கு வைக்கலாமா? வேண்டாம்.

பீடம் ஆடுகிறதே? அது சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பிக்கிற வேலை. சிலையை மாற்றக் காரணமல்ல.

தோண்டும்போது வேறு சிலை கிடைத்தால்? வட்டாட்சியரிடம் சொல்லியாக வேண்டும்.

நன்கொடையாளர் பெயரைப் பீடத்தில் வெட்டலாமா? அங்கே ஏற்கெனவே எழுத்து இருக்கிறதா என்று முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள்.