நாடாவும் இலக்கமும்: வீட்டில் இசை பதிவோர் அறிய வேண்டுவன

பாடிய குரல் காற்றோடு போய்விடாமல் பிடித்து வைக்கும் வித்தையை எடிசன் 1877ஆம் ஆண்டில் கண்டார். கால் நூற்றாண்டுக்குள் அவ்வித்தை சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. கிராமபோன் கம்பெனியின் பதிவாளராகிய பிரெட் கெய்ஸ்பர்க், 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிந்தவர். அவரே 1903இல் சிங்கப்பூரிலும் இசைத்தட்டுக்குப் பாட்டுப் பதிந்து சென்றார். அக்காலத்தில் பதிவென்பது கம்பெனிகளின் தொழில். பாடுகிறவர் தாமே தம் வீட்டில் தம் பாட்டைப் பதிந்துகொள்வது என்பது காந்த நாடா எளியவிலைக்கு வந்த பின்னரே கைகூடிற்று. இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு, தேக்காவில் வீணையும் மிருதங்கமும் பயிலும் இளைஞரிடையேயும் நடைபெறுகிறது. வழக்கின் உண்மை யாதென ஆராய்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். சிங்கப்பூர்த் தமிழர் 'டிஜிட்டல்' என்பதனை 'மின்னிலக்கம்' என்கின்றனர். இலங்கைத் தமிழர் 'இலக்கமுறை' என்பர். இலக்கம் என்பது எண். ஒலியை எண்களாக எழுதி வைப்பது என்னும் பொருள் சொல்லிலேயே விளங்குவதால், இவை நல்ல ஆக்கங்கள். 'அனலாக்' என்பதற்கு இத்துணைப் பொருத்தமான தமிழ்ச்சொல் வழக்கில் வேரூன்றவில்லை. ஒலியலை எவ்வாறு ஏறி இறங்குகிறதோ அவ்வாறே நாடாவிலுள்ள காந்தத்தின் வலிவும் ஏறி இறங்குவது அம்முறை. அலைக்கு அலை ஒப்பாக நிற்பதால் அதனை ஒப்பலை முறை என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட்டில் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 1979இல் ஜப்பானிய டீயாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதே கேசட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட்டி, நான்கு தடங்களில் தனித்தனியே பதியும் பெட்டி அது. முதலில் சுருதி, அடுத்து மிருதங்கம், அதன்பின் வயலின், இறுதியில் குரல் என ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒரு மணி நேரக் கேசட்டில் கால் மணி நேரப் பாட்டே கொள்ளும் என்பது அதற்குரிய விலை. ஐந்தாவது கருவி வேண்டுமாயின், பதிந்தவற்றை ஒரே தடத்தில் கலந்து நகலெடுத்து இடம் ஒழிக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் நாடாவின் 'உஸ்' என்னும் இரைச்சல் சிறிது சிறிதாகக் கூடும்.

நம் இசைக்கு ஒப்பலை முறையால் நேரும் உண்மையான இடர் அவ்விரைச்சலன்று, நாடாவின் வேகமே. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பொறியின் ரப்பர் வார் தளர்ந்தால் வேகம் நிலைகொள்ளாது அலையும். அதனுடன் சுருதியும் அலையும். பியானோப் பாட்டில் இது தெரியும். தம்பூராவில் இன்னும் நன்றாகத் தெரியும். ஏனெனில், தம்பூராவின் ஒலி அசையாது நிற்றலையே தன் தொழிலாக உடையது. மேலைநாட்டார் கிதாருக்கு 'இனிய கதகதப்பு' என்று புகழும் பழைய நாடாப்பொறி, ஆதாரசட்ஜத்தை ஆட்டுவித்தால் நமக்கு அதனாற் பயன் என்ன?

மின்னிலக்க முறையை வீடுகளுக்குள் கொணர்ந்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூரர். புக்கிட் பாஞ்சாங்கில் வளர்ந்து, நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிம் வோங் ஹூ என்பார், 1981இல் சைனாடவுனிலிருந்த பேர்ல்ஸ் சென்டர் என்னும் கடைத்தொகுதியில் (இப்போது அது இல்லை) கிரியேட்டிவ் என்னும் சிறு கடையைத் தொடங்கினார். அவருக்கு மவுத் ஆர்கன் வாசிப்பதில் பெருவிருப்பம். கணினி பேசவும் இசைக்கவும் வேண்டும் என்று அவர் 1986இல் செய்த கணினி பெரிதாக விலைபோகவில்லை. 1989இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலியட்டையோ உலகெங்கும் பரவிற்று. அதனை வாங்கியோரிற் பெரும்பாலோர் கணினி விளையாட்டுக்காகவே வாங்கினர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வட்டையில் ஒலிவாங்கியைச் செருகும் துளை ஒன்று இருந்தது; இசைப்பிள்ளைகள் அதனை விட்டுவைப்பரோ? முதல் அட்டை ஒலியின் உயரத்தை 256 படிகளில் மட்டுமே அளந்தது. தொலைபேசிக் குரலினும் சற்றே மேல் எனலாம். 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, குறுந்தட்டைப் போலவே நொடிக்கு 44,100 முறை, 65,536 படிகளில் அளக்க வல்லதாயிற்று. சிம் வோங் ஹூ 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார்.

இனி, எண்முறைமேற் சொல்லப்படும் குறை ஒன்றைக் காண்போம். ஒலி தொடர்ந்து ஓடுவது. எண்களோ விட்டு விட்டு நிற்பவை. ஆகவே இரு சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகம் எண்களுக்கிடையே விழுந்து மறையும் என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால், நொடிக்கு ஐந்து முறை அசையும் கமகத்தின் ஓர் அசைவுக்குள் 8,820 அளவைகள் அடங்குகின்றன. அன்றியும், இரு புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும் என்று மாணவர் படிக்கின்றனர் அல்லவா? அதுபோலவே, குறித்த ஓர் அதிர்வெண்ணுக்கு மேற்படாத அலையை, அவ்வதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மிகுதியாக அளந்து வைத்தால், அவ்வளவைகளின் வழியே ஒரே ஓர் அலைதான் செல்லக்கூடும். நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகளால் நிலைபெற்ற உண்மை இது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. 44,100 என்னும் எண் அதனாற்றான் வந்தது. படிக்கட்டுப் போன்ற படம் வரைந்து காட்டி, மின்னிலக்க ஒலி இவ்வாறு முறிந்தது என்பார் கூற்றுப் பொருந்தாது. கருவியிலிருந்து வெளிப்படுவது வழவழப்பான அலையே.

மின்னிலக்கத்துக்கு மெய்யான குறைகள் வேறு உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் 'தீம்' என்னும் அடி, குரலைக் காட்டிலும் பன்மடங்கு உயரத்துக்குப் பாயும். நாடாவானால் கொள்ளளவு நிரம்பியதும் அலையின் உச்சியை மெல்ல வளைத்துக்கொள்ளும். செவி அதனைப் பொறுக்கும், சில வேளை விரும்பவும் செய்யும். எண்ணுக்கு அவ்விணக்கம் இல்லை. இருக்கும் எண்கள் தீர்ந்ததும் உச்சி கத்தியால் அரிந்ததுபோல் தட்டையாகிப் படபடக்கும். பின்னர்த் திருத்த இயலாது. நாடாவிலே பழகியவர் முள்ளை மேலே ஏற்றிப் பதிவது வழக்கம். இரைச்சலை அமுக்க அது வேண்டியிருந்தது. அப்பழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவருதல் தவறு. இப்போதைய 24 பிட் கருவிகளில் மிகப் பலத்த அடியும் உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைப்பினும் இரைச்சல் தோன்றாது.

மற்றொன்று தாமதம். பாடுகிற குரல் கணினிக்குள் சென்று காதொலிப்பானுக்குத் திரும்புவதற்குள் ஆயிரத்திற் சில பங்கு நொடி கழியும். பத்து மில்லி நொடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளியிருப்பவரின் ஒலி நம்மை வந்தடையும் நேரம். அதற்குட்பட்டால் லயம் கெடாது. மிகுந்தாற் பாடகர் தம்மையறியாமலே இழுக்கத் தொடங்குவர். குரலைக் கணினிக்குள் செலுத்தாமல் நேரே காதுக்கு அனுப்பும் வசதியுள்ள இணைப்பானை வாங்குதல் இதற்கு மருந்து. அடுக்குமாடி வீட்டில் விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிட்டுப் பதிவதனால் வரும் நன்மை, எந்த விலையுயர்ந்த பொறியாலும் வராது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

ஆகவே புதிதாகப் பதிவோர் மின்னிலக்கத்தையே கைக்கொள்ளுதல் தக்கது. நாடாவின் சாயல் வேண்டுவோர் பதிந்து முடித்தபின் ஒருமுறை நாடாவில் ஓட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

பெரிதும் கவலைக்குரியவை பழைய கேசட்டுகளே. சிங்கப்பூரின் காற்றில் ஈரம் ஆண்டுச் சராசரியாக நூற்றுக்கு எண்பதுக்கு மேல். பெட்டியில் அடைத்த நாடாவிற் பூஞ்சை வெள்ளையாகப் படரும். 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட சுருள்நாடாக்கள் சிலவற்றில் காந்தத்தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்ற திரைப்பாட்டுக் கேசட்டுக்கு வேறு பிரதி கிடைக்கும். பாட்டி பாடிய தாலாட்டுக்கும், கோயில் திருவிழாவில் ஒருவர் மடியில் வைத்துப் பதிந்த நாதசுரத்துக்கும், பள்ளி நாடகத்துக்கும் வேறு பிரதி ஏது? ஓட்டும் பொறிகளும் அருகி வருகின்றன. பழம்பொறிகள் அகப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருட் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது.

அவற்றை மின்னிலக்கமாக்க வீட்டிலேயே இயலும். பூஞ்சை படர்ந்த நாடாவைப் பொறியில் இடலாகாது. பொறியும் கெடும், அடுத்த நாடாவும் கெடும். நல்ல நாடாவை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்துக. பொறியின் தலையை ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்து, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் வரை அதன் சாய்வைத் திருகி அமைத்துக்கொள்க. 24 பிட், நொடிக்கு 48,000 அளவை என்று வைத்தால் ஒரு மணி நேர இரட்டைத்தடப் பதிவு ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் கொள்ளும். இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில் மட்டும் செய்து, முதற்பதிவைத் தொடாது வைக்க வேண்டும். வன்தட்டும் ஒருநாள் நின்றுபோவதே. ஆகலின் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றையேனும் வேறு வீட்டில் வைத்தல் நன்று. பாடியவர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேசட்டின் உறையில் எழுதியிருந்தால் அவ்வெழுத்தையும் படமெடுத்துக் கோப்புடன் சேர்த்து வைக்க வேண்டும். எழுதியிராவிடில், குரலை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.