பொருநையின் வடிநிலம்

தாமிரபரணியாற்றைப் படத்தில் வரையுங்கள் என்றால், பொதிகைமலையிலிருந்து மன்னார் வளைகுடா வரையில் ஒரு நீலக்கோட்டை இழுத்துவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவீர்கள். நான் ஆசிரியனாயிருந்த நாளெல்லாம் அந்தக் கோட்டிற்கு முழு மதிப்பெண் கொடுத்து வந்தேன். அது என் பிழை என்பதை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளம் எனக்கு உணர்த்தியது.

ஆறு என்பது கோடு மட்டுமன்று. அதனை நோக்கி மழைநீர் வடிகின்ற நிலப்பரப்பு முழுவதும் அதனைச் சேர்ந்ததே. அதனை வடிநிலம் என்கிறோம். அதன் மேலெல்லை மலைமுகடு. அகத்தியமலையின் உயரம் ஏறத்தாழ 1,868 மீட்டர். அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறாகி அரபிக்கடலை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழுவதோ பொருநையாகிறது. சில அடித் தொலைவில் விழுந்த இரு துளிகள் இரு வேறு கடல்களுக்குச் செல்லக்கூடும்!

பொருநையின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டரே. ஆயினும் அது வற்றாத ஆறாக விளங்கக் காரணம், தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவக்காற்றுகளும் அதன் மலைகளுக்கு மழை தருவதுதான். மலைமேலுள்ள சோலைக்காடுகள் அந்நீரை மண்ணில் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. உழவர்கள் கார், பிசானம் என இரு போகம் விளைவிப்பதும் இவ்விரு மழைகளை நம்பியே. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து கலக்கின்றன. குற்றால மலையின் சாரலைச் சுமந்துவரும் சிற்றாறு, சீவலப்பேரிக்கு அருகில் சேர்கிறது.

சமவெளியில் ஆற்றின் போக்கு வேறு. எட்டு அணைக்கட்டுகள் நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்திற்கு வரவாகிறது. நம் முன்னோர் வடிநிலம் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பொருளை நன்கறிந்திருந்தார்கள். ஆறு கொணர்ந்த வண்டலோ கடலையே தள்ளிவிட்டது. பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது.

இனி, அந்த வெள்ளத்திற்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மலையிலும் பெருமழை; சமவெளியிலும் பெருமழை. கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறு கரைபுரண்டோடும் வேளையில், வயலிலும் ஊரிலும் விழுந்த நீர் அதனுள் வடிவதற்கு வழியேது? குளங்கள் பல உடைந்தன. ஆற்றங்கரையையே காணாத தெருக்களிலும் நீர் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது.