சென்சார் பேசவில்லையா? புதிது வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

என் உம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்கான இன்சுலின் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மின்வெட்டு நேரத்தில் ஃப்ரிட்ஜ் எவ்வளவு சூடாகிறது என்று அறிய, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கணினியில் வெப்பநிலை சென்சார் ஒன்றைப் பொருத்தினாள். இரண்டு மணி நேரம் கழித்து, "வாப்பா, சென்சார் செத்துப்போச்சு, வேற வாங்கணும்" என்று வந்து நின்றாள்.

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரெட்போர்டில் ஒரு கம்பி ஒரு துளை தள்ளிச் செருகப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இதுபோன்ற திட்டங்களில் இறங்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நாங்கள் பயன்படுத்தியது டிஎஸ்18பி20 என்ற சென்சார். நீர் புகாத உலோகக் குழாய்க்குள் அடைத்தும் இது விற்கப்படுகிறது. மின்சாரத்துக்கு ஒரு கம்பி, கிரவுண்டுக்கு ஒரு கம்பி, தகவலுக்கு ஒரு கம்பி என மூன்று கம்பிகள் உண்டு. தகவல் முழுவதும் ஒரே கம்பியில் போய்வருவதால் இம்முறைக்கு 'ஒன்-வயர்' என்று பெயர்.

1. முதலில் மின்சாரம்

கம்பிகளைத் தொடும் முன் கணினியை முறைப்படி அணைத்து, மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சென்சாரை 3.3 வோல்ட் தரும் 1ஆம் முனையில் இணையுங்கள். இந்தச் சென்சார் 5 வோல்ட்டையும் தாங்கும். ஆனால் ராஸ்பெர்ரி பையின் தகவல் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தவறினால் பாழாவது சென்சார் அல்ல, கணினி.

மின்சாரம் கொடுத்ததும் சென்சார் சூடானால் மின்சாரக் கம்பியும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். கம்பியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தயாரிப்புக்குத் தயாரிப்பு அது மாறுவதுண்டு.

2. முனை எண்ணில் குழப்பம்

பலகையில் 40 முனைகள் உள்ளன. ஒவ்வொரு முனைக்கும் வரிசை எண் உண்டு. பல முனைகளுக்கு ஜிபிஐஓ எண் என்று வேறோர் எண்ணும் உண்டு. ஒன்-வயர் தகவல் கம்பி வழக்கமாகச் செல்ல வேண்டியது ஜிபிஐஓ 4. அது வரிசையில் 7ஆம் முனை. வரிசையில் 4ஆவதாக இருப்பதோ 5 வோல்ட் முனை! இந்த ஒரு குழப்பமே பல மணி நேரத்தை விழுங்கிவிடும், கணினிக்கும் கேடு.

3. சிறிய ரெசிஸ்டர்

தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அதில் மஞ்சள், ஊதா, சிவப்பு என வளையங்கள் இருக்கும். சென்சார் பேசாத நேரத்தில் கம்பியை உயர்ந்த மின்னழுத்தத்தில் பிடித்து வைப்பது இதன் வேலை. இது இல்லாவிட்டால் கம்பி எந்த நிலையிலும் நிற்காமல் அலைபாயும். கணினிக்கு எதுவும் புரியாது. சில சென்சார் பலகைகளில் இது முன்பே பொருத்தப்பட்டிருக்கும். தனிச் சென்சார் வாங்கியிருந்தால் நாம்தான் சேர்க்க வேண்டும்.

4. கணினியில் அனுமதி

ஒன்-வயர் வசதி கணினியில் தானாக இயங்காது. ராஸ்பி-கான்ஃபிக் அமைப்பில் 'இன்டர்ஃபேஸ்' பகுதிக்குச் சென்று அதை இயக்கி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

5. நிரலுக்கு முன் நேரடியாகக் கேளுங்கள்

பைத்தான் நிரலைத் திருத்தத் தொடங்கும் முன், சென்சார் கணினியின் கண்ணில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்-வயர் சாதனங்கள் பட்டியலிடப்படும் கோப்புறையில் 28 என்று தொடங்கும் பெயர் இருந்தால் சென்சார் பேசுகிறது. குறை இனி நிரலில்தான் இருக்க வேண்டும். 00 என்று தொடங்கும் பெயர்கள் வந்தால் ரெசிஸ்டரைச் சந்தேகியுங்கள். எதுவுமே இல்லையென்றால் முதல் நான்கு படிகளுக்குத் திரும்புங்கள்.

28 கோப்புறைக்குள் இருக்கும் கோப்பைத் திறந்தால் இரண்டு வரிகள் தெரியும். முதல் வரி 'யெஸ்' என்று முடிந்தால் தகவல் சிதையாமல் வந்திருக்கிறது. 'நோ' என்றால் வழியில் சிதைந்துவிட்டது. தளர்ந்த இணைப்பையோ மிக நீளமான கம்பியையோ பாருங்கள். இரண்டாம் வரியின் கடைசியில் உள்ள எண்ணை 1000ஆல் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும். 4250 என்றால் 4.25 டிகிரி.

பொய் சொல்லும் சென்சார்

பேசாத சென்சாரைவிடத் தவறாகப் பேசும் சென்சார்தான் ஆபத்து. ஃப்ரிட்ஜுக்குள் திடீரென 85 டிகிரி என்று காட்டினால் பதற வேண்டாம். மின்சாரம் வந்ததும், முதல் அளவை எடுக்கும் முன் இந்தச் சென்சாரில் இருக்கும் தொடக்க எண் அது. அது திரும்பத் திரும்ப வந்தால் சென்சாருக்கு வரும் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். இணைப்பு அறுந்த பிறகும் நிரல் பழைய அளவையே திரையில் காட்டிக்கொண்டிருக்கலாம். 5 டிகிரி என்று பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். உள்ளே மருந்து கெட்டுக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் அது எடுக்கப்பட்ட நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அளவு வராதபோது "தகவல் இல்லை" என்றே திரை சொல்ல வேண்டும்.

உண்மையைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பிச் சிறிது தண்ணீர் ஊற்றி, நீர் புகாத சென்சாரை அதில் சில நிமிடங்கள் வையுங்கள். 0 டிகிரிக்கு அரை டிகிரி கூடக் குறையக் காட்டினால் சரி. அப்போதும் ஃப்ரிட்ஜில் சாதாரண வெப்பமானி ஒன்றும் இருக்கட்டும். மருந்து விஷயத்தில் பிள்ளை செய்த கருவியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். மாற்றியதையும் விளைவையும் நோட்டில் எழுதட்டும். நமக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "முதலில் எதைப் பார்த்தாய்?" என்று கேட்டாலே போதும். என் மகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் துளை தள்ளியிருந்த கம்பியைத் தானே கண்டுபிடித்தாள்.