படகைக் கரையேற்றும் மின்சக்தி

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் சென்று, அங்கிருந்து கிழக்கே மரக்காணம் சாலையில் போவோமானால், ஏரியும் வயலும் உப்பளமும் கடந்து, எக்கியார்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் வரிசையாக அமைந்த வங்கக் கடற்கரையை அடைவோம். இத்தகைய திறந்த கரைகளில், கடலினின்று மீண்ட பைபர் படகை அலை எட்டாத மேட்டு மணலுக்கு ஏற்றியாக வேண்டும். இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களே தோள் கொடுத்துத் தள்ளுவதும், டிராக்டரை அமர்த்தி இழுப்பதும் தமிழ்நாட்டுக் கரையோரங்களில் காணும் வழக்கம். இச்சிரமத்தை நீக்கவல்ல எளிய யந்திரம் மின் விஞ்ச்.

மோட்டார் விரைந்து சுழல, பற்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்க, இரும்புக் கயிறு உருளையில் மெல்லச் சுற்றிக்கொள்ள, படகு மேலேறுகிறது. இதற்கு மிகுந்த மின்சக்தி வேண்டும் என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறாக இருக்கிறது. ஒரு டன் எடையுள்ள படகை, பத்தடிக்கு ஓரடி உயரும் மணற்சரிவில் உருட்டுக்கட்டைகளின் மேல் இழுக்கையில், சரிவும் உராய்வும் சேர்ந்து சுமார் 500 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பைத் தருவதாகக் கொள்வோம். நிமிஷத்திற்கு 6 மீட்டர் வீதம் இழுத்தால் அதற்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 500 வாட். பற்சக்கரங்களிலும் மோட்டாரிலும் பாதி விரயமானாலும் 1,000 வாட் போதும். ஒலக்கூர் விவசாயியின் 5 குதிரைத்திறன் பம்பு செட்டு எடுத்துக்கொள்ளும் மின்சக்தியில் இது மூன்றிலொரு பங்குகூட இல்லை. நிதானமாக இழுப்பதே இங்குத் தேவைப்படும் வாட் அளவைக் குறைக்கிறது.

30 மீட்டர் ஏற ஐந்து நிமிஷம். பிறகு நெடுநேரம் ஓய்வு. இவ்வகை வேலைக்கு பாட்டரி மிகப் பொருத்தமானது. வாய்க்கால் பல நாள் கொணர்ந்த நீரைத் தேக்கிவைத்து, வேண்டியபோது மதகு வழியே மிகுதியாய் விடும் நம் ஏரியைப் போல, சூரியத் தகடு சிறிது சிறிதாய் அளித்த சக்தியைச் சேர்த்துவைத்து, சில நிமிஷங்களில் பாட்டரி வழங்கிவிடுகிறது. 12 வோல்ட் பாட்டரியில் ஒருமுறை இழுப்பதற்கு 7 ஆம்பியர்-மணி அளவே செலவாகும். 100 வாட் தகடு நல்ல வெயிலில் அதை இரண்டு மணி நேரத்திற்குள் ஈடுசெய்யும்.

ஆனால் 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கிறது. மோட்டார் கிளம்பும் க்ஷணத்திலோ இன்னும் பன்மடங்கு. மெல்லிய கம்பி சூடேறும். மோட்டாரை வந்தடையும் வோல்ட்டும் குறையும். இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கினால் மின்னோட்டம் பாதியாகி, அதே கம்பியில் விரயம் நாலிலொன்றாகக் குறைகிறது. பாட்டரியை மோட்டாருக்கு அருகிலேயே வைத்து, தடித்த செம்புக் கம்பியால் இணைத்து, பாட்டரி முனையை ஒட்டி ஃபியூஸ் அமைப்பது அவசியம். உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடுமாதலால், அவற்றை மூடிக் காப்பதும் இன்றியமையாதது.

230 வோல்ட் மின்சாரத்தை நேரே உபயோகித்தால் சுமார் 5 ஆம்பியரே போதுமாயினும், ஈரமணலில் வெறுங்காலுடன் நிற்பவர்களுக்கு அது பேராபத்து; கசிவு கண்டவுடன் துண்டிக்கும் சாதனமும் தக்க எர்த்தும் இன்றி அதைக் கரைக்குக் கொண்டுவருதல் ஒருபோதும் தகாது.

1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற, ஐ.நா. உணவு வேளாண்மை ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் கரைக்குரிய படகுகளை வகுப்பதில் பெருமுயற்சி செய்தது. படகைச் செப்பம் செய்த அளவுக்கு, அதை ஏற்றும் மனிதரின் முதுகெலும்பையும் நாம் பொருட்படுத்த வேண்டும். ஒரு குப்பத்தார் கூடி ஒரு விஞ்ச்சைப் பொதுவில் நிறுவிக்கொண்டால், அதற்கு வேண்டிய சக்தி அவர்கள் கரையில் நாள்தோறும் விழும் வெயிலிலேயே கிடைக்கும்.